தினமும் ஆறரை மணிக்கு வரும் காய்ச்சல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. என் மகளின் இருமலைக் காட்டப் போன இடத்தில், குழந்தை மருத்துவர் என் தொழிலைத் தெரிந்துகொண்டு விட்டார். "எழுத்தாளரா? நல்லதாப் போச்சு. பெத்தவங்களுக்கு நாலு பக்கத்துல அறிவுரை எழுதிக் குடுங்க. காய்ச்சல், சளி, வயித்துப்போக்கு, அவ்வளவுதான்" என்று குறிப்புத் தாளோடு என் தலையில் கட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

குழந்தையின் உடல் வெப்பநிலை என்பது பல்வேறு காரணங்களால்

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

தாளின் மூன்றாவது வரி: 'கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள்.' ஏன் என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து ஒரு அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதோடு அறிவுரை கெட்டது, கதை ஆரம்பித்தது.

2.

அந்த அப்பாவுக்கு மீன் கிடங்கில் வேலை. குளிர் அறையில் பெட்டி அடுக்குவார். கிடங்கிலிருந்து வீடு நாலு எட்டு. மாலை ஆறரைக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் குழாயடிக்கு ஓடி, பச்சைத் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு மாத மகளின் நெற்றியைத் தொடுவார்.

"ஐயோ, கொதிக்குதே!"

"ஏங்க, இப்பத்தான் பால் குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டிருந்தா" என்றாள் மனைவி. தெர்மாமீட்டர் 98.2 காட்டியது.

"இந்தக் குச்சி சொல்றதை நம்புறதா, பெத்த கை சொல்றதை நம்புறதா?"

"பெத்தது நான்."

ஆனாலும் கிளம்பினார்கள். நான்கு நாள் தொடர்ந்து போனார்கள். நான்கு நாளும் கிளினிக்கில் காய்ச்சல் இல்லை. ஐந்தாம் நாள் குழந்தையைக் கைமாற்றும்போது அவர் விரல் டாக்டரம்மாவின் மணிக்கட்டில் பட்டது. டாக்டரம்மா துள்ளிவிட்டார்.

"இது கையா, ஐஸ் கட்டியா? இந்தக் கையால தொட்டா எனக்கும்தான் காய்ச்சல் அடிக்கும்!"

வரவேற்பறைப் பெண் சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு 'ஐஸ் அப்பா' என்று பெயர். அவரும் சிரித்தார்.*

* முதல் பிரதியில் இங்கேயே முடித்திருந்தேன். இரண்டாவது பிரதியில்தான் அவருடைய காது சிவந்திருந்ததைக் கவனித்தேன்.

3.

ஒரு மனுஷன் இவ்வளவு அசடாக இருப்பானா என்று எனக்குச் சந்தேகம். ஐஸ் துண்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு என் மகளைத் தொட்டேன். சத்தியமாகக் கொதித்தது. அவள் வீறிட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. ஐஸ் அப்பா அசடு இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

4.

அடுத்த வாரம் அவருக்கு ஒருநாள் விடுமுறை என்று நானே வைத்துக்கொண்டேன். மதியம் மகளைத் தூக்கினார். சூடாக இருந்தாள். தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கை கதகதப்பாகத்தான் இருந்தது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார். 100.8. மறுபடி வைத்தார். 100.9.

"பால் வேண்டாங்கிறா. கிளம்புங்க" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே."

"தினமும் ஓடினவர் இன்னிக்கு என்ன?"

"மறுபடி போய் நின்னா எல்லாரும் சிரிப்பாங்க."

டாக்டரம்மா தந்த தாளின் முதல் வரி இது: 'மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே கொண்டு வாருங்கள். நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.' அந்த வரி அவர் கையில் இல்லை. என் மேசையில் கிடக்கிறது. நான்தான் அறிவுரையை எழுதாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேனே!

5.

இதுவரை எழுதியதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஐஸ் கட்டி வரை சிரித்துக்கொண்டே படித்தவர், காது சிவந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்கப்புறம் அவர் வரவே இல்லைங்க. நான் சிரிச்சிருக்கக் கூடாது." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வந்துட்டார்னு எழுதிடுங்களேன்" என்றார்.

எழுதினேன். முதல் முடிவு: ஓடி வருகிறார், சிறுநீர்த் தொற்று என்று தெரிகிறது, மருந்து ஏறுகிறது, மூன்றாம் நாள் குழந்தை சிரிக்கிறது. (அறிவுரைக்குப் பொருத்தம்தான். காது சிவந்த மனிதர் அப்படி ஓடி வருவாரா?)

இரண்டாவது முடிவு: மறுநாள் காலையில்

(மாட்டேன். இதை நான் எழுத மாட்டேன்.)

மூன்றாவதுதான் அவருக்குப் பொருந்துகிறது. போவதற்கு முன் ஒரு போன் போட்டுப் பார்க்கிறார். கிளினிக் மேசையில் மணி அடிக்கிறது. டாக்டரம்மா உள்ளே ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரவேற்பறைப் பெண் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். மேசைக்குப் பக்கத்தில், சளி பிடித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்.

முதல் வரி இப்போது உங்களுக்கும் தெரியும். தாளின் அடியில் டாக்டரம்மா தன் கையெழுத்திலேயே இன்று ஒன்று சேர்த்திருக்கிறார்: 'எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க. யாரும் சிரிக்க மாட்டோம்.'

நான்காவது தடவை மணி அடிக்கிறது. கூச்சக்காரர், ஆறு தடவைக்கு மேல் காத்திருக்க மாட்டார். என்னால் அங்கே வர முடியாது, நான் எழுதுகிறவன். எடுங்கள்.