இழுத்தால் வந்துவிடும்

என் சகலைக்குப் பல்செட் செய்கிற வேலை. எனக்கு மோட்டார் வைண்டிங். அவன் ஊரார் வாய்க்குப் பல் கட்டுகிறான், நான் ஊரார் ஃபேனுக்குக் காயில் கட்டுகிறேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட நான்கு வயது இளையவன். நேரில் ‘வாங்க, போங்க’தான். மனதுக்குள் எப்போதும் ‘அவன்’.

எங்கள் சொந்தத்தில் ரயில் பைத்தியம் இரண்டே பேர், நாங்கள்தான். நிஜ ரயிலைச் சுருக்கிச் செய்த பழைய மாடல் எஞ்சின் எங்கே கிடைத்தாலும் வாங்கிவந்து, பிரித்து, சக்கரம் மாற்றி, விளக்குப் போட்டு, பெயின்ட் அடித்து, பலகைமேல் பதித்த தண்டவாளத்தில் ஓடவிடுவோம். பொம்மை என்று யாராவது சொன்னால் இருவருக்கும் ஒன்றுபோல் கோபம் வரும். அழகு அவனுடையது, ஓட்டம் என்னுடையது என்று ஒரு பங்கீடு தானாகவே இருந்தது. பல்லுக்குச் சாயம் சேர்த்துப் பழகிய கை, அழகில் அவனை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் மோட்டார் என்று வந்தால் என்னைத்தான் கேட்பான்.

அந்தக் கறுப்பு நீராவி எஞ்சினை முதலில் பார்த்தது நான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பழைய சாமான் கடையில், உடைந்த தையல் மெஷினுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. கையில் எடுத்ததும் அப்படி ஒரு கனம். எங்கள் இருவரைவிடவும் வயதில் மூத்தது. ஆசையைக் காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்று மூஞ்சியைச் சுளித்து, “என்னங்க, இப்படித் துருப்பிடிச்சுக் கிடக்கு” என்று வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனால் தையல் மெஷின் மட்டும் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு எஞ்சின் சகலை வீட்டு மாடி அறையில் இருந்தது.

“சகலை, இங்க வாங்களேன். என்ன மாட்டியிருக்கு பாருங்க!” வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“பரவாயில்லையே” என்றேன். வயிறு எரிந்தது.

மூன்று மாதத்தில் அதைப் புது மாப்பிள்ளை ஆக்கிவிட்டான். துருவைச் சுரண்டி, கறுப்பில் நான்கு விதக் கறுப்பு பூசி, முன்னால் மஞ்சளாக ஒரு குட்டி விளக்கு எரியவிட்டான். பல்செட் பிளாஸ்டிக்கிலேயே ஒரு டிரைவரை வார்த்து உள்ளே உட்காரவைத்தான். டிரைவர் சிரித்தார், பல் வரிசை தெரிந்தது. எந்த ரயில் டிரைவர் இப்படி இளித்துக்கொண்டு போகிறான் என்று கேட்டேன். குறை சொல்ல அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

அதோடு விட்டிருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் எட்டுப் பெட்டியை மேட்டில் இழுத்தது.

“மாமா, உங்க வீட்ல இருக்கறது எத்தன இழுக்கும்?” என்றாள் மச்சினி, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

“ஆறு.”

“இது எட்டு!”

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு அந்தக் காபி இறங்கவில்லை. ஓட்டத்திலும் கைவைத்துவிட்டான்.

ஒரு புதன்கிழமை, கடையில் டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தேன். போன் வந்தது. எஞ்சின் மெதுவாக, குலுங்காமல் கிளம்புவதற்கு உள்ளே ஒரு குட்டி சிப் வைக்கப்போகிறானாம். மோட்டாரைக் கழற்றினால்தான் அதற்கு வயர் இழுக்க முடியும்.

“ஆர்மெச்சர வெளிய எடுக்கணும் சகலை. பழைய மோட்டாரு, பயமா இருக்கு. ஏதாச்சும் பாத்துக்கணுமா?”

பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மோட்டாரில் காந்தத்தின் நடுவில் சுற்றுகிற ஆர்மெச்சரை வெறுமனே வெளியே எடுத்தால், எடுத்த மாத்திரத்தில் காந்தம் பாதி சக்தியை இழந்துவிடும். திரும்ப உள்ளே வைத்தாலும் வராது, மெஷினில் வைத்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். எடுப்பதற்கு முன் காந்தத்தின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை ஒட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

“ஒண்ணுமில்ல. இழுத்தா வந்துடும்” என்றேன்.

பொய் சொல்லவில்லை. இழுத்தால் வந்துவிடும்தான்.

போனை வைத்த பிறகு ஃபேனில் கை ஓடவில்லை. திரும்பக் கூப்பிட்டு ‘சகலை, ஒரு நிமிஷம், இழுத்துடாதீங்க’ என்று சொல்ல நேரம் இருந்தது. அரைமணி நேரமாவது இருந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. ஃபேன்காரர் வந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வந்தது சாயங்காலம்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் எஞ்சின் நான்கு பெட்டியோடு மேட்டடியில் நின்றுவிட்டது. சக்கரம் அசையவில்லை, சூடான வாடை வந்தது. சிப்தான் சரியில்லை என்று அதைக் கழற்றிப்போட்டான். அப்புறமும் அதே கதைதான். பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதுபோல் ஒவ்வொரு பல்சக்கரமாகத் துடைத்துப் பார்த்தான், எண்ணெய் மாற்றினான். நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து “ஐயோ பாவமே” என்றேன். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வாரம் கழித்து எஞ்சினை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“என் கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு சகலை. இத நான் தொட்டிருக்கவே கூடாது. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“சரி பண்ணிக் குடுக்கறேனே.”

“வேணாம். குடுத்தா மறுபடியும் நோண்டுவேன்.”

அவன் படியிறங்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை, பெட்டியைத் திறந்துவிட்டேன். மறுநாள் கடையில் காந்தம் ஏற்றுகிற மெஷினில் மோட்டாரை வைத்தேன். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் தண்டவாளத்தைப் போட்டு ஓடவிட்டேன். ஒன்பது பெட்டி. ஒன்பதையும் இழுத்தது. இத்தனை நாள் மனது கேட்டது கிடைத்துவிட்டது, நான் சின்னப் பிள்ளைபோல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“அட, ஓடுதே!” என்றாள் மனைவி. “அவரு பாத்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு!”

“இப்ப வேணாம்” என்பதற்குள் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முட்டிபோட்டு, மேசை விளிம்பில் தாடையை வைத்து, எஞ்சின் மூன்று சுற்று வரும்வரை கண்ணெடுக்கவில்லை. என் வீட்டில் ஓடுகிறதே என்ற எண்ணம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

“என்னதான் சகலை ஆயிருந்துச்சு?”

மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது என்று சொல்ல நினைத்திருந்தேன். மோட்டாரைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “காந்தம் இறங்கிடுச்சு. ஏத்தினேன்.”

“எட்டு இழுத்துச்சே, எப்படி இறங்கும்?”

“ஆர்மெச்சர வெறுமனே இழுத்தா இறங்கிடும். முதல்ல இரும்பு ஒண்ணு வைக்கணும்.”

அவன் மெல்ல எழுந்தான். “நான் போன்ல கேட்டேனே.”

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அவசரத்துல மறந்திருப்பீங்க” என்றான். சாக்கை அவனே எடுத்துக் கொடுத்தான். தலையாட்டினால் போதும்.

“மறக்கல” என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, என் மனைவியிடம் மட்டும் “வரேங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொடுத்திருப்பான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மனைவி மேசை அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எஞ்சின் ஒன்பது பெட்டியோடு அவள் முன்னால் வந்து திரும்பியபோது கேட்டாள்.

“இனிமே யாருக்குக் காட்டப்போறீங்க?”