பின்வரிசையில் நீலச்சட்டை

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்களில் ஜூடியின் வாய்க்குத் தனி மரியாதை உண்டு. விடியற்காலையில் விசைப்படகு வந்து கூடைகளை இறக்கியதும், சங்கரா மீனோ வவ்வால் மீனோ, அவள் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தால் வாங்க வராதவன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான். அந்த வாயை மட்டும் கழற்றி வேலைக்கு அனுப்பிவிட்டு மிச்சமிருக்கும் ஜூடி வீட்டிலேயே தூங்கியிருந்தால் இத்தனை கடன் வந்திருக்காது என்பது ஜூடியே தன்னைப் பற்றி வைத்திருக்கும் கருத்து. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

இன்னாசி என்பவரின் படகுக்கு அவள் ஏலம் விடுகிறாள். விற்பதில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. படகு கடலுக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. இருபத்தைந்து வயதில் இந்த வருமானத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த முதல் காரியம், முப்பதாயிரத்துக்கு ஒரு போன் வாங்கியது. அதற்குக் கடன் கொடுத்தது ஒரு ஆப். ஆதாரைக் காட்டினாள், முகத்தைக் காட்டினாள், ஐந்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. பெற்ற தாய்கூட அவளை இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. ஏலம் விடுவதை ரீல்ஸ் போட்டால் ஊரே பார்க்கும், விளம்பரக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். பார்த்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதி அவளுடைய சொந்தக்காரர்கள், மீதி மீன் விலை கேட்டவர்கள்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கட்டிக் கிடந்த அந்த இரண்டு மாதமும் தவணை மட்டும் கட்டிக் கிடக்கவில்லை. ஆப்காரர்கள் போன் செய்து திட்டத் தொடங்கினார்கள். அப்போது தன் கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவள் சாபிரா. பெரம்பூரில் மீன்கடை வைத்திருப்பவள், ஜூடியிடம் தினமும் ஏலத்தில் எடுப்பவள், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். வளையலை அடகு வைத்து வந்த இருபதாயிரத்தையும் ஜூடி ஆப்பில் கட்டினாள். தாமதக் கட்டணம், அபராதம், அபராதத்துக்கு வரி என்று அது மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, பாக்கி நாற்பத்தாறாயிரம் என்று காட்டியது. அன்று அவள் அழவில்லை, சிரித்தாள். தன்னைப்போல ஒரு முட்டாளை ஏலத்துக்கு விட்டால் எவ்வளவுக்குப் போவாள் என்று யோசித்துப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

இப்போது சாபிராவின் அக்கா மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். வளையல் இல்லாமல் போய் நின்றால் சாபிராவின் மாமியார் வீட்டில் கேள்வி வரும். கேள்வி வந்தால், யாருக்குக் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய், எவளோ ஒருத்திக்கு ஏன் கொடுத்தாய் என்று முடிவில்லாமல் நீளும். சாபிரா இதையெல்லாம் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் மீனைப் பொறுக்கிக்கொண்டே.

வழி ஒன்றுதான் இருந்தது. ராயபுரத்தில் ஃப்ளோரா ஆன்ட்டி நடத்தும் ஏலச்சீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், சேர்ந்தால் ஒரு லட்சம். அவசரமாகப் பணம் வேண்டியவர்கள், லட்சத்தில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று போட்டி போட்டுக் கேட்க வேண்டும். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. விட்ட தொகையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மீன் ஏலத்தில் எண் ஏற ஏற ஜூடிக்கு லாபம். இங்கே எண் ஏற ஏற எடுப்பவருக்கு நஷ்டம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாபிரா கணக்கை விரல்விட்டுச் சொன்னாள்.

"ஆப்காரனுக்கு நாப்பத்தாறு. வளையல் மூட்ட வட்டியோட இருபத்திநாலு. ஆவ மொத்தம் எழுபது ஓணும். அதனால முப்பது வரிக்கும் தள்ளிக் கேளு. முப்பதுக்கு மேல வாயத் தொறக்காத. புரியிதா?"

"புரியிதுக்கா. நான் இன்னா கொயந்தையா?"

"கொயந்தைன்னா பயமில்லடி. அதுக்கு முப்பது வரிக்கும் எண்ணவே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஃப்ளோரா ஆன்ட்டி வீட்டு மொட்டை மாடியில் கூடினார்கள். ஆன்ட்டிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. சைகை காட்டிப் பார்த்தார், யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஜூடியைக் கைநீட்டி அழைத்து, நீயே ஏலத்தைச் சொல்லு என்று கிசுகிசுத்தார். ஏலம் விடத் தெரிந்த பெண் கூட்டத்தில் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? யாருக்கும் இதில் விபரீதம் தெரியவில்லை. ஜூடிக்குப் பெருமையாக இருந்தது. அவள் எழுந்து துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டபோதே சாபிரா தலையில் கை வைத்தாள்.

எதிர்த்துக் கேட்டது ஒருவர்தான். ஆட்டோ ஓட்டும் கோதண்டம். அவருக்கு எஞ்சின் வேலை இருந்தது. அவர் பதினைந்து என்றார், ஜூடி பதினெட்டு என்றாள். அவர் இருபத்தைந்து, இவள் இருபத்தேழு. அவர் இருபத்தொன்பதுக்கு வந்து கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஜூடி முப்பது என்றாள். கோதண்டம் தலையை ஆட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் மாடி அமைதியாகிவிட்டது. ஏலத்தில் அமைதி விழுந்தால் ஜூடிக்குத் தாங்காது. கூடை விலை போகாமல் நிற்கிறது என்று அர்த்தம். அப்படி நிற்கும்போது காசிமேட்டில் அவள் ஒரு காரியம் செய்வாள். எக்கிப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ கேட்டதுபோல, "பின்னாடி நீலச்சட்ட, நாலாயிரம்" என்பாள். அப்படி ஒரு நீலச்சட்டை அங்கே இருக்கவே இருக்காது. முன்னால் நிற்பவன் பதறிப்போய் நாலாயிரத்து இருநூறு என்பான். இரண்டு வருடமாக அந்த நீலச்சட்டைதான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்த வாய் இப்போது ஜூடியைக் கேட்காமலேயே திறந்தது.

"பின்னாடி நீலச்சட்ட, முப்பத்திரெண்டு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் ஒன்று இருந்தது. வேறு யாரும் இல்லை.

அதோடு நின்றிருந்தாலும் இரண்டாயிரத்தோடு போயிருக்கும். முப்பத்திரெண்டு என்று காதில் விழுந்ததும், தன் சீட்டை எவனோ தட்டிக்கொண்டு போகிறான் என்று ஜூடிக்குப் பதறிவிட்டது. தன் குரல் தனக்கே அடையாளம் தெரியாமல் "முப்பத்திநாலு" என்றாள். சாபிரா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். ஜூடி அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாள். "நீலச்சட்ட முப்பத்தஞ்சு. எனுக்கு முப்பத்தாறு. முப்பத்தாறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." சொல்லி முடித்துக் கையைத் தட்டினாள். கையைத் தட்டிய பிறகுதான் யார் வாங்கியது, யார் விற்றது என்று பார்த்தாள். இரண்டும் அவள்தான்.

"இன்னாமே இது?" என்றார் கோதண்டம். "நான் எப்பவோ எறங்கிட்டேன். யாரோட சண்ட போட்டுகினு கீற?"

ஜூடி வாய்தவறி வந்துவிட்டது என்றாள். ஃப்ளோரா ஆன்ட்டிக்கு அந்தத் தொண்டையிலும் குரல் வந்தது. சொன்ன எண்ணைத் திரும்ப வாங்கினால் அடுத்த மாதம் எல்லாரும் வாங்குவார்கள், அப்புறம் சீட்டு நடத்த முடியாது என்றார். நியாயம்தான். எல்லாருக்கும் பங்கு அதிகமாக வந்ததால் நியாயம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஒரு கிழவி ஜூடியின் கன்னத்தை வழித்து முத்தம்கூடக் கொடுத்தாள்.

ஜூடி அறுபத்துநாலாயிரத்தைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். எழுபது வேண்டிய இடத்தில் அறுபத்துநாலு. தெருவில் சாபிரா திட்டுவாள் என்று காத்திருந்தாள். சாபிரா திட்டவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "என் கைல வளையலு இல்லைன்னு யாரு பாக்கப் போறாங்க, வுடு" என்றாள். அதற்குப் பதில் அவள் நான்கு அறை அறைந்திருக்கலாம். ஜூடி அன்று சாயங்காலம் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். உலகத்தில் எல்லாரையும் யாராவது ஏமாற்றித்தான் கடனாளி ஆக்குகிறார்கள், நான் மட்டும்தான் ஆள் வைக்காமல் சொந்தமாகச் செய்துகொள்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, பின்னாடியே அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை ஏலம் முடிந்து, ஐஸ் அரைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தபோது ஆப்காரர்களின் போன் வந்தது. பேசியவன் சின்னப் பையனாகத்தான் இருக்க வேண்டும், குரலைத் தடிமனாக்கிக்கொண்டு பேசினான்.

"மேடம், நாப்பத்தாறாயிரம் இன்னைக்கு மதியத்துக்குள்ள கட்டிடுங்க. இல்லன்னா ரெஃபரன்ஸ் நம்பருக்குப் போன் போகும். இன்னாசின்னு ஒருத்தர் நம்பர் கொடுத்திருக்கீங்க."

இன்னாசியின் ஏலப் பணம் முழுக்க ஜூடியின் கையில்தான் புரள்கிறது. கடன்காரி என்று தெரிந்த பிறகு இன்னாசி அந்தப் பணத்தை அவள் கையில் விடுவாரா? நாற்பத்தாறைக் கட்டினால் மிஞ்சுவது பதினெட்டு. அதை வைத்துக்கொண்டு வளையலின் படத்தைத்தான் மீட்க முடியும். வளையலுக்கு இருபத்துநாலு போக, நாற்பதுக்குள் இது முடிந்தாக வேண்டும். சாபிராவின் வெறுங்கை எதிரிலேயே இருந்தது.

"மொத்தமா முடிச்சுக்கலாம். இருபத்தஞ்சு தரேன்" என்றாள்.

அவன் சிரித்தான். நாற்பத்துநாலு என்றான். முப்பதாயிரம் வாங்கினதுக்கு ஏற்கெனவே இருபது கட்டியிருக்கிறேன் என்றாள் ஜூடி. "இருங்க, மேனேஜர் பக்கத்துலதான் இருக்காரு, கேட்டுச் சொல்றேன்" என்றான்.

ஜூடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடத்தது. அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாரும் பதில் சொல்லவும் இல்லை. பின்வரிசையை எக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்குமோ, சரியாக அவ்வளவு நேரம் கழித்து அவன் பேசினான்.

"மேனேஜர் நாப்பத்திரெண்டுக்குக் கீழ ஒத்துக்க மாட்டேங்குறாரு மேடம்."

ஜூடிக்குப் புல்லரித்தது. இது அவளுடைய தொழில் அல்லவா?

"உங்க மேனேஜரு நீலச்சட்ட போட்டுகினு கீறாரா?" என்றாள்.

"என்னங்க மேடம்?"

"ஒண்ணியும் இல்ல. கைல ரொக்கம் கீது. இருபத்தெட்டு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அமைதி விழுந்தது. அவளுக்குத் தெரிந்த அதே அமைதி, மாடியில் ஆறாயிரத்தைத் தின்ற அமைதி. முப்பது என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அவள் துப்பட்டா முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சாபிரா அதுவும் போதாது என்று தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். மீன் வாடையோடு அந்தக் கை அங்கேயே இருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"சரி, நாப்பது. எனக்காக."

காக்கை ஒன்று ஐஸ் பெட்டிமேல் வந்து உட்கார்ந்தது.

"மேடம், மாசக் கடைசி. இதை நான் இன்னைக்கே முடிச்சாகணும். முப்பத்தஞ்சு." அவன் குரலில் இருந்த தடிமன் போய்விட்டது. ஜூடிக்கு ஒரு நொடி அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. சாபிராவின் கை இன்னும் அழுத்தியது.

"முப்பத்திரெண்டு. இதுக்கு மேல என்னால முடியாது மேடம், சத்தியமா."

இந்த முறை அவன் மேனேஜரைக் கூப்பிடவில்லை. ஜூடி சாபிராவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"முப்பத்திரெண்டு ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். பாக்கி இல்லைன்னு லெட்டர் மொதல்ல அனுப்பு நைனா, அடுத்த நிமிஷம் காசு வரும்."

லெட்டர் வந்தது. சாபிரா அதைப் பக்கத்து மெடிக்கல் கடைக்காரரிடம் காட்டிப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் ஜூடியைப் பணம் கட்ட விட்டாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போய் அடகுக்கடையில் இருபத்துநாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தார்கள். மிச்சம் எட்டாயிரம். அடுத்த மாதத்துச் சீட்டுக்கு ஐயாயிரம் எடுத்துவைக்க வேண்டும், அதற்கடுத்த மாதமும், அதற்கும் அடுத்த மாதமும். கடன் ஒழிந்துவிடவில்லை, ஆனால் இனிமேல் அது ஃப்ளோரா ஆன்ட்டி முகத்தோடு வரும். போனில் வராது.

கடை வாசலிலேயே சாபிரா வளையல்களை மாட்டிக்கொண்டாள். கை கொஞ்சம் பருத்திருந்ததால் மூட்டில் சிக்கியது. ஜூடிதான் பிடித்து, தோலை ஒதுக்கி, ஏற்றிவிட்டாள். ஏற்றிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.

"வுடுடி, மறுபடியும் அடகு வெச்சிருவ போலக்கீது" என்றாள் சாபிரா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை ஏலத்தில் ஒரு கூடை கானாங்கெளுத்தி இரண்டாயிரத்தில் வந்து நின்றது. யாரும் ஏறிக் கேட்கவில்லை. கூட்டம் அமைதியாக இருந்தது. ஜூடி பின்வரிசையை எக்கிப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிக் கூடையைத் தள்ளிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற படகுக்காரர் இன்னாசி மெல்லக் குனிந்தார்.

"இன்னாமே, நம்ப நீலச்சட்ட இன்னிக்கு வர்லியா?"

அவருக்கு இந்தத் தந்திரம் தெரியும் என்பதே ஜூடிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தாளு எனுக்கு ஆறாயிரம் பாக்கிண்ணே" என்றாள். "அத்த குடுக்குற வரிக்கும் உள்ள வுடமாட்டேன்."