எட்டு மடங்கு

சிப் செய்கிற சிலிக்கான் வெளிச்சம் தராது என்றுதான் அவளுக்குப் பாடம் நடத்தியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தரும், கஞ்சத்தனமாகத் தரும் என்பது அவள் கட்சி. சிப் வடிவமைக்கும் நிறுவனத்தில் மூன்று வருடமாக அதே பிடியில் நின்றாள். தொழிற்சாலை எல்லாருக்கும் செய்துதருகிற அதே முறையில், வரைபடத்தை மட்டும் மாற்றி, சிப்பின் மூலையில் ஓர் ஒளிப்புள்ளி வேண்டும்.

போன முறை, கொடுத்த மின்சாரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் வெளிச்சமானது. மீதியெல்லாம் சூடு. இந்த முறை ஒளிப்புள்ளிக்குப் பக்கத்தில், அதைத் தூண்டிவிட, இரண்டாவது மின்வழி ஒன்றையும் வரைந்திருந்தாள்.

அளவு எடுப்பவர் பகலெல்லாம் இருட்டறையில் கிடப்பவர். பெயரே ஆந்தை.

"வாங்க மேடம், கண்ணத் தொறந்துடுச்சு" என்றார்.

நுண்ணோக்கியில் குனிந்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி, அசையாமல். இருவரும் மூன்று தடவை அளந்தார்கள். கொடுத்த மின்சாரத்துக்கு வந்த வெளிச்சம், பழையதைவிட எட்டு மடங்கு.

மேலாளர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நாப்பதுன்னு போடுங்க."

"எப்படி சார்?"

"ரெண்டாவது வழியில போற கரண்டை ஏன் சேர்க்கறீங்க? அது சும்மா உதவிக்குத்தானே?"

"உதவிக்கு வந்தவனும் சாப்பிட்டுட்டுத்தானே சார் போறான்?"

"நாளைக்கு இதை வாங்கறதுக்காகப் பார்க்க வர்றவங்க எட்டுக்கெல்லாம் மயங்க மாட்டாங்க. பேசாம இருங்க."

வீட்டில் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ்.

"உனக்கு ஏண்டி இந்த வீம்பு? வேலை போயிடும்."

"நூத்திரண்டு காய்ச்சலை, மேல இருக்கறவர் சொன்னாருன்னு தொண்ணூத்தெட்டுன்னு எழுதுவியாக்கா?"

அக்கா அலமாரியிலிருந்து அவள் சட்டையை எடுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "சட்டைய இஸ்திரி போட்டுக்கோ. கசங்கின சட்டையோட சண்டைக்குப் போகாத."

மறுநாள் கூட்டத்தில், திரையில் நாற்பது பெரிதாக நின்றது. அவள் எழுந்தாள்.

"அது தப்பு. எட்டுதான்."

மேலாளர் சிரித்து மழுப்பினார். "அவங்க கணக்கு வேற மாதிரி..."

"வேற மாதிரி இல்ல சார். ரெண்டு வழியில போற கரண்டையும் சேர்த்தா எட்டு. ஒண்ண மறைச்சா நாப்பது."

வந்திருந்தவர்களில் மூத்த பொறியாளரான ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதை எங்க முன்னாடியே ஏன் சொல்றீங்க?"

"நீங்க ஒருநாள் அளந்து பார்ப்பீங்க. அப்புறம் எட்டையும் நம்ப மாட்டீங்க."

அந்த அம்மா மாதிரிக்கு ஒரு சிப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையே திட்டம் அவள் கையைவிட்டுப் போனது. மேசை, உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அடுத்த வரைபடத்தைத் தொடங்கினாள்.

ஆறு வாரம் கழித்து மேலாளரே அங்கு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"அவங்க அளந்துட்டாங்க. ஏழரைதான் வந்துச்சாம். சிப்புக்குள்ளயே சமிக்ஞை அனுப்ப அது போதுமாம். ஆனா நீங்க செஞ்சாதான் ஒப்பந்தமாம். பழைய இடத்துக்கே வந்துடுங்க."

"வேலைய எடுத்துக்கறேன் சார். இடம் இதுவே இருக்கட்டும். இங்கேருந்து இருட்டறை பக்கம்."

அவர் போனதும் நேரே ஆந்தையிடம் போனாள்.

"அண்ணே, நம்ம அளவுல அரை மடங்கு கூடியிருக்கு. எங்கயோ தப்புப் பண்ணியிருக்கோம்."

"ஜெயிச்சாச்சே மேடம், இன்னும் என்ன?"

"கதவைச் சாத்துங்க. முதல்லேருந்து அளப்போம்."