எஞ்சினியர் பார்த்த வண்டி

தாராவியில் கோமதி குடியிருக்கும் சந்தில் மிக்சி வாங்கினாலும் தண்ணி மோட்டார் வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எஞ்சினியர் பாத்தாச்சா?" எஞ்சினியர் என்றால் கோமதியின் தம்பி வேல்ராஜ். தோல் கிடங்கில் மூட்டை சுமந்தவரின் மகன். படித்து மேலேறி, இப்போது செம்பூரில் ஃபிளாட். கார் எஞ்சின் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷ வேலை.

அந்தப் பத்தொன்பது வருஷமும் அவன் பார்த்தது பிஸ்டன் வளையத்தை மட்டும்தான் என்பது சந்துக்குத் தெரியாது. எஞ்சினுக்குள் எண்ணெய் மேலேறி எரிந்துவிடாமல் வழித்து இறக்கும் சின்ன இரும்பு வளையம். பக்கத்து மேஜைக்காரனுக்கு வால்வு. கம்பெனியில் வளையத்துக்கு வெளியே எதைக் கேட்டாலும் வேல்ராஜ் இன்னொரு மேஜையைக் கைகாட்டிவிடுவான். சந்தில் கைகாட்ட வேறு மேஜை இல்லை. அதனால் உலகத்தில் உள்ள எல்லா மெஷினைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்வான்.

"கூரையில கண்ணாடி வச்ச காராம். இந்த ஊர்ல மேல பாத்தா என்ன தெரியும்? மெட்ரோ தூணும், எவனோ காயப்போட்ட ஜட்டியும்."

"கார்ல ஏசியக் கூட்ட டச் ஸ்கிரீன மூணு தடவ தடவணும். முன்னால ஒரு திருகு இருந்துச்சு, ரோட்டப் பாத்துக்கிட்டே திருகலாம். அது அறிவு."

"துணி துவைச்சு முடிச்சதும் வாஷிங் மெஷின் போன்ல சொல்லுமாம். வீடே பத்துக்குப் பத்து. அது நிக்கது நமக்குக் கேக்காதா?"

"பேட்டரி கார் என்ன கார், சக்கரம் வச்ச மிக்சி."

எல்லாம் கடைசியில் ஒரே சொல்லில் வந்து நிற்கும்: வேண்டாம். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. வாங்காத வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்வதில்லை. பத்து வருஷமாக அவன் வாக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

இன்னொரு விஷயமும் சந்துக்குத் தெரியாது. வேல்ராஜுக்குக் கார் ஓட்ட வராது. "லோக்கல் டிரெயின் இருக்க ஊர்ல கார் ஓட்டுதவன் மடையன்" என்று அவன் சொன்னதை அதுவும் ஓர் அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கோமதியின் புருஷன் செல்லப்பாண்டி இட்லி மாவு அரைத்து, கேன் கேனாகச் சைக்கிளில் கட்டி மாட்டுங்கா ஹோட்டல்களுக்குப் போடுகிறவர். வலது முட்டி போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம் மிதித்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவ்நாரில் அப்துல் வாஹித் பாய் பழைய வேன் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, செல்லப்பாண்டி போய் ஓட்டிப் பார்த்து, பிடித்தும்போய்விட்டது. அடுத்த சந்தில் மாவு அரைக்கும் தளவாயும் அதே வேனைக் கேட்டிருந்தார். இன்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். எஞ்சினியர் பார்க்காமல் எப்படிச் சொல்வது? காலையிலேயே வேல்ராஜைத் தேவ்நாருக்குக் கூட்டிவந்துவிட்டார்.

பாய் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "ஏக்தம் மக்கன் சாப். வெண்ணெ மாதிரி ஓடும்."

வேல்ராஜ் ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தான். காற்று முட்டவில்லை. பின்பக்கம் போய்க் குந்தி, தன் வெள்ளைக் கர்சீப்பைச் சைலன்சர் வாயில் பிடித்தான். பாயிடம் ஆக்சிலேட்டரை அமுக்கச் சொன்னான். நீலப் புகை துளியும் இல்லை. கர்சீப்பில் லேசான ஈரம், அவ்வளவுதான். வளையங்கள் புதுசு போல இருந்தன. கம்பெனிக்கு வெளியே முதல் தடவையாக, தனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருத்தர் அவனிடம் கேட்டிருந்தார். வாயில் 'எடுங்க அத்தான்' வந்துவிட்டது.

அதற்குள் செல்லப்பாண்டி சாவியை வாங்கி அவன் கையில் வைத்தார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாரும் மாப்ள."

"நீங்கதான் ஓட்டிப் பாத்துட்டீகளே அத்தான்."

"நான் ஓட்டுனா வண்டி ஓடுதுன்னுதான் தெரியும். உள்ள என்ன நடக்குன்னு உமக்குத்தான தெரியும். சிக்னல் வரைக்கும் போயிட்டு வாரும், போதும்."

"சாப் ஓட்டட்டும், பெட்ரோல் என் கணக்கு" என்று பாயும் சிரித்தார்.

வேல்ராஜ் டிரைவர் சீட்டைப் பார்த்தான். கீழே மூன்று பெடல். எது எதற்கு என்று படத்தில் வரைந்து பாகம் குறிப்பான். எந்தக் காலை எதில் வைப்பது என்பது வேறு. சாவி வியர்வையில் வழுக்கியது.

"ஓட்டணும்னு இல்ல அத்தான்" என்றான். "சத்தம் சரியில்ல."

"சத்தமா?" பாயின் சிரிப்பு நின்றது. "என்ன சத்தம்?"

"உங்களுக்குக் கேக்காது பாய். வேண்டாம் அத்தான், விட்ருங்க."

செல்லப்பாண்டி வேனை இன்னொரு தடவை சுற்றி வந்தார். சாவியைத் திரும்பப் பாயிடம் கொடுத்தார். ரோட்டுக்கு வரும்போது, "நல்ல வேளை உம்மக் கூட்டியாந்தேன்" என்றார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

ஒரு மாதம் கழித்து வேல்ராஜ் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தான். ஹோட்டல் வாசலில் அந்த வேன் நின்றது. தளவாய் மாவுக் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிச் சைக்கிளோடு செல்லப்பாண்டி. கேரியரில் கேன்கள் முன்பைவிடக் குறைவு. ரெண்டு ஹோட்டல் தளவாய்க்குப் போய்விட்டதாம். அவர் மாவு நேரத்துக்கு வருகிறதாம்.

"நீரு வேண்டாம்னு சொன்ன வண்டி, அந்தா நிக்கு பாரும்" என்றார். "தளவாய்ட்டயும் சொன்னேன், சத்தம் சரியில்லன்னு எங்க மாப்ள சொல்லுதாருன்னு. அந்தாளு கேக்கல. எப்ப மாப்ள படுக்கும் அது?"

தளவாய் வேனைக் கிளப்பினார். வேல்ராஜின் கண் தானாகச் சைலன்சருக்குப் போனது. சுத்தமாக இருந்தது. அந்த வளையங்கள் இன்னும் பத்து வருஷம் தாங்கும். அதை உறுதியாகச் சொல்ல மாட்டுங்காவிலேயே ஒரே ஆள் அவன்தான்.

"சீக்கிரம் அத்தான்" என்றான்.

செல்லப்பாண்டிக்கு முகம் தெளிந்தது. வலது முட்டியை ரெண்டு கையாலும் தூக்கிப் பெடலில் வைத்து, மிதித்தார்.