கதவோரம் நின்றால் எரியாத பட்டை

நேற்று கண்ணைப் பறித்த பட்டை இன்று சாம்பல் பூத்துக் கிடந்தது. அதே சட்டை, அதே டார்ச், அதே இருட்டறை. தையல்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாலையில் வேலை செய்பவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டை வைத்த கையில்லாச் சட்டைகள் அவை. ஒரு குவியலே தைத்து வைத்திருந்தாள். சரிபார்ப்பவள் நாத்தனார், கணவனின் அக்கா, பட்டறைக்கு முதலாளியும் அவளே. டார்ச்சை ஸ்டூலில் கிடத்திச் சட்டைமேல் அடித்துவிட்டு, கதவோரம் போய் நின்று பார்த்தாள்.

“பட்டைய உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித் தச்சிருக்கே.”

“இல்ல அண்ணி. நேத்து நானே பாத்தேன், பளிச்சுன்னு எரிஞ்சுது.”

“உன் கண்ணுக்கு மட்டும் எரிஞ்சுதாக்கும்! பட்டைச் சுருள்மேல ‘ரிஃப்ளெக்டிவ்’னு போட்டிருக்கு பாரு. வெளிச்சத்தைத் திருப்பித் தர்றதுன்னு ஒரு அர்த்தம். நின்னு யோசிக்கிற ஆளுன்னு இன்னொரு அர்த்தம். ஒண்ணுல சட்டை தேறல, இன்னொண்ணுல நீ தேறல.”

“நீங்க மட்டும் அகராதியைக் கையில வச்சுக்கிட்டேவா பொறந்தீங்க?”

“வாய் மட்டும் நல்லா மினுங்குது! அத்தனையும் பிரி. முடியலேன்னா நாளையிலேருந்து மெஷின் பக்கம் வராதே. தம்பி பொண்டாட்டின்னு பாத்ததெல்லாம் போதும்.”

பிரித்தால் பட்டை முழுக்க ஊசித் துளை நிற்கும். சட்டையும் போகும், பழியும் வரும், மெஷினும் போகும்.

ஆத்திரத்தில் டார்ச்சை வெடுக்கென்று பிடுங்கினாள். கை கன்னத்தோரம் வந்தபோது பட்டை குப்பென்று எரிந்தது. இடுப்புக்கு இறக்கினாள், அணைந்தது. மறுபடி கன்னத்துக்கு ஏற்றினாள், எரிந்தது. நேற்று இரண்டு கையிலும் சட்டைகள் இருந்ததால் டார்ச்சைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள்!

முகம் பார்க்கும் கண்ணாடி, சாய்ந்து விழும் ஒளியை மறுபக்கம் தள்ளிவிடும். இந்தப் பட்டையில் இருப்பதோ மாவுபோன்ற பொடிக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு மணியும் தனக்குள் நுழைந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஒளி புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் கண் இருந்தால்தான் அது தெரியும். தொலைவில் வரும் லாரிக்காரனுக்கு விளக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடம். அவனுக்குப் பளிச்சென்று தெரியும். கதவோரம் ஒதுங்கி நிற்பவளுக்குத் தெரியாது.

“என்னடி கூத்து இது?”

டார்ச்சை நாத்தனார் கையில் திணித்தாள். “கன்னத்தோட ஒட்டிப் பிடிங்க.”

பட்டை எரிந்தது. நாத்தனார் டார்ச்சை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தாள்.

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்க என்ன?”

“நீங்க எங்க சொல்ல விட்டீங்க? இனிமே ஸ்டூலைத் தூக்கிப் போடுங்க. டார்ச்சைக் கண்ணோரமா வச்சுப் பாத்தாத்தான் பட்டை எரியுதா இல்லையான்னு தெரியும்.”