கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மூன்றாம் மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். மணி ஒன்பது நாற்பத்தொன்பது. பத்துக்கு அந்தப் பாட்காஸ்ட் எபிசோட் தானாக இணையத்தில் ஏறிவிடும். அதே பத்துக்குக் கீழே கருத்தரங்கு அறையில் பெரிய ஸ்பீக்கரிலும் போடுவார்கள். அதில் பேட்டி கொடுத்த ஆபரேட்டர் அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாயிற்று. அவர் காதில் மட்டும் அது விழக்கூடாது.

ஒலிப்பதிவு அறையில் அடிக்குறிப்பு தனியாக இருந்தான். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடு சொல்வதால் வகுப்பு வைத்த பெயர். ஆய்வேட்டுக்குள் பூட்டிக் கிடப்பதை நாலு பேர் கேட்கும்படி பாட்காஸ்டாகச் சொல்ல, இவனைப் போலப் பன்னிரண்டு பேருக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

“பாஸ்வேர்டைப் போடு. எபிசோடை நிறுத்தணும்.”

“நேத்து நீங்கதானே மேடம் ஓகே சொன்னீங்க? மெயில்ல, சாயங்காலம் நாலு இருபதுக்கு.”

“இதுக்குமா ஆதாரம்? போடுடா.”

ஓகே சொன்னது உண்மை. முதல் இரண்டு நிமிடத்தை லேப்டாப்பில் ஓடவிட்டுச் சொன்ன ஓகே. இன்று காலை பஸ்ஸில் ஹெட்போன் மாட்டி முழுசாகக் கேட்டபோதுதான் பிடிபட்டது. ஆபரேட்டர் அம்மாவின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். என்னுடையது.

நாற்பது வருடம் முன்பு ஒருநாள், டெலிபோன் எக்சேஞ்சில் லைன் இணைக்கும் ஆபரேட்டர் பெண்கள் எல்லோரும் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு எழுந்தார்கள். ஆறு மணி நேரம் ஊரே ஊமை. அதுதான் அவன் ஆய்வு. அன்று அங்கே இருந்தவர்களில் பேச முன்வந்தவர் ஆபரேட்டர் அம்மா ஒருவர்தான்.

பேட்டி எடுத்தால் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது என் மூன்றாவது பாடம். வெட்டி ஒட்டிய இடங்கள் துருத்தாமல் இருக்க அதை அடியில் விரிக்கலாம். பேட்டியின் பாதியில் அதைப் பதிவு செய்தோம். அவர் கண்ணாடிக்கு உள்ளே, மைக் முன்னால். நாங்கள் வெளியே, மிக்ஸர் முன்னால். “ஒரு நிமிஷம் பேசாம இருங்கம்மா” என்று பட்டனை அழுத்தி அவர் ஹெட்போனில் சொன்னேன். அதை அழுத்தினால்தான் எங்கள் குரல் உள்ளே போகும். தலையாட்டினார். அப்புறம் அடிக்குறிப்பிடம் திரும்பினேன்.

“இந்தம்மா ஜவ்வு மாதிரி இழுக்குது. அதுல பாதி பீத்தல். வெட்டினா மூணு நிமிஷம் தேறும்.”

கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, மெல்லிசாகப் பதிந்துவிட்டது. இவன் அந்த ஒரு நிமிடத்தைச் சத்தம் கூட்டி, எபிசோட் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தான். இருபத்திரண்டு நிமிடம். இருபத்திரண்டு ஜவ்வு. லேப்டாப் ஸ்பீக்கரில் அவனுக்கும் அது கேட்டிருக்காது.

“என்ன தப்பு மேடம்?”

உண்மையைச் சொல்ல ஒரு வினாடி இருந்தது. விட்டுவிட்டேன்.

“உன் மிக்ஸிங் மகா மட்டம். அடியில ஒரே இரைச்சல்.”

“நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான்…” என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் ஆதாரம் காட்டாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அடி விரிப்பை மொத்தமாக உருவி எடுத்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் புதுக் கோப்பு ஏறியது. மூச்சு வந்தது.

கீழே, விரிப்பு போன எபிசோட் வெட்டுக்கு வெட்டு குலுங்கியது. முதல் பாதியில் ஆபரேட்டர் அம்மா சரளமாகப் பேசினார். இரண்டாம் பாதியில் ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொற்கள். ஆய்வுக்கே உயிரான கேள்வியைப் பதிவில் அடிக்குறிப்பு கேட்டான்: “முதல் பிளக்கைப் பிடுங்கினது யாரும்மா?”

“ஞாபகம் இல்ல தம்பி.”

முடிந்ததும் துறைத்தலைவர் என்னிடம், “என்ன இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?” என்றார்.

“பையனுக்கு முதல் முயற்சி சார்.”

அடிக்குறிப்பு தன் செருப்பைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ஆபரேட்டர் அம்மா கையசைத்துக் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

“டீச்சரம்மா, அந்தப் பிள்ளை மேல ஏன் பழியைப் போடறீங்க? அந்த ஒரு நிமிஷத்தை அடியில விரிக்கப்போறதா அன்னிக்கே சொல்லிச்சு. அதை நீங்கதானே எடுத்தீங்க?”

“எதை… எதைம்மா?”

“நான் முப்பது வருஷம் காதுல ஹெட்போனோட உட்கார்ந்தவ. லைன்ல யாராவது இருந்தா தெரியும். அன்னிக்கு நீங்க அந்தப் பட்டன்ல இருந்து விரலை எடுக்கவே இல்ல.”

கதவு நன்றாகத்தான் சாத்தியிருந்திருக்கிறது. அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்துதான் என் குரல் மைக்கில் ஏறியிருக்கிறது.

அவர் வலது கையை நீட்டி என் மடியில் வைத்தார்.

“முதல் பிளக்கைப் பிடுங்கின கை இதும்மா. சொன்னா அதையும் பீத்தல்னு சொல்வீங்கன்னுதான் விட்டுட்டேன்.”