றொபின்சன் என்ற கடைசிப் பெயர்

1

இந்தக் கதை எனக்குப் பிரான்சில், லா ஷப்பேல் பக்கம் ஒரு தமிழ்ச் சலூனில், கழுத்தில் துண்டோடு இருக்கும்போது கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் றொபின்சன் அண்ணை.

"இங்கிலாந்திலை என்ர பேரிலை எவ்வளவு சனம் தெரியுமே? லட்சக்கணக்கு! ஒருக்கா எழுதன்" என்றார்.

எழுதுகிறவர்களிடம் இப்படிச் சொன்னால், மாட்டிக்கொள்வது சொன்னவர்தான்.

2

முதல் தொடக்கம்: ‘றொபினுடைய மகன் றொபின்சன். றொபின் என்பது றொபேட்டின் செல்லப் பெயர். இங்கிலாந்தின் வடக்கே தெருவுக்கு ஒரு—’

(விட்டுவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரிப் போகிறது. நீங்கள் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன்.)

3

யாழ்ப்பாணத்தில் அண்ணை பிறந்தபோது பிரசவம் பார்த்த வெள்ளைக்கார டொக்டரின் குடும்பப் பெயர் அது. தகப்பன் அரியநாயகம் அதை அப்படியே தூக்கிப் பிள்ளைக்கு வைத்துவிட்டார். நம் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால்: அரியநாயகம் றொபின்சன். பிரான்சில் பதிவுப் பத்திரம் எழுதியவர்கள் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயராக்கி, முன்னால் இருந்ததை அவருடைய பெயராக்கினார்கள். அன்றிலிருந்து அவர் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற் குசினியில் "அரி! வெங்காயம்!" என்று கத்தினால், செத்துப்போன தகப்பனுக்காக மகன் ஓடுகிறார்.

4

ஒரே மகள் நிருபாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. மருமகன் ழாக், பிரெஞ்சுக்காரன். பேரனும் றொபின்சனாக வேண்டும் என்று அண்ணைக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

"வயசுபோன நேரத்திலை பேருக்கு ஆலாய்ப் பறக்கிறன் எண்டெல்லோ மருமோன் நினைப்பார்?"

முடிவு அ: ழாக் தானாகவே சம்மதிக்கிறான். எல்லோருக்கும் லட்டு. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: பிள்ளைக்கு ழாக்கின் குடும்பப் பெயர். அண்ணை பியர்ஃபித்தில் இருக்கிற வீட்டுக்கு ரயிலில் தனியாகத் திரும்புகிறார். (எழுதி உடனே வெட்டினேன். மனுசனை எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் வில்லங்கம்.)

5

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் ழாக் பிள்ளையை அண்ணையின் கையில் கொடுக்கிறான்.

"குடும்பப் பெயர் என்னுடையதுதான்" என்கிறான் பிரெஞ்சில். "ஆனால் பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கிறோம். அரியநாயகம்."

ஓர் எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறான், பாவம்.

அது யாருடைய பெயர் என்று நிருபாவுக்குத் தெரியும்; ழாக்கின் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. "அப்பா, இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ" என்கிறாள் தமிழில்.

அண்ணை குனிகிறார்.

"அப்பா" என்கிறார், பிள்ளையிடம்.

ழாக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சந்தோஷமா, அரி?" என்று கேட்கிறான்.

6

பதிலை நான் எழுதப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் ழாக்கின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் றொபின்சன் என்ற பெயர் இந்த வீட்டில் இவரோடு சரி. லட்சக்கணக்கில் இருக்கிறார்களே, ஒருவர் குறைந்தால் என்ன என்கிறீர்களா? அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், தகப்பன் அவர் கையில் நித்திரை.